குறிசூட்டுக்குத் துவக்கு வாங்க முன்னர்: யாழ்ப்பாணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் இறங்க நினைப்பவர் அநேகமாக முதலில் கேட்பது "எந்தத் துவக்கு வாங்கலாம்?" என்றுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. எந்தப் போட்டிக்குச் சுடப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அடுத்தது எங்கே, யாரிடம் பழகப் போகிறோம் என்பது. அதற்குப் பிறகுதான் அனுமதிப்பத்திரம். துவக்கு கடைசியில் வரட்டும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் காசும் வீணாகும், வழக்கும் தேடி வரலாம்.

இது நமக்கு எட்டாத விளையாட்டு இல்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், 10 மீற்றர் எயர் றைபிள் (அழுத்திய காற்றால் சுடும் நீளத் துவக்கு) போட்டியில் இலங்கையின் தெஹானி எகொடவெல சுட்டார். ஆனால் அந்த வழி கழகம், தேசிய துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனம் என்றுதான் போகிறது. பயிற்சி இடங்கள் பெரும்பாலும் கொழும்புப் பக்கமும் படைத் தளங்களுக்குள்ளும் இருப்பதால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இது உண்மையிலேயே சிரமமான விஷயம். அதற்காக வீட்டு வளவில் தகரத்தைச் சாத்தி, அட்டை ஒட்டிச் சுடத் தொடங்கிவிடாதீர்கள். பெலட் என்ற சிறு குண்டு தகரத்தில் பட்டுத் தெறித்துத் திரும்பி வரும். தவறினால் கிடுகு வேலி அதைத் தடுக்காது, அந்தப் பக்கம் யாரோ கிணற்றடியில் நிற்பார்கள். விடுமுறையில் கொழும்புக்குப் போய்த் தங்கி, கழகத்துத் துவக்கில் பழகுவது எவ்வளவோ மேல்.

அனுமதிப்பத்திரத்துக்கு வருவோம். இங்கே எல்லாம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் நடக்கிறது. 1996இல் வந்த 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியது. இந்த அனுமதி ஒரு நோக்கத்துக்காகக் கொடுக்கப்படுவது. பயிர்களைக் காக்கும் சொட்கன் என்றால் மாவட்டச் செயலகத்தின் ஊடாகப் போகும், தற்பாதுகாப்பு என்றால் பாதுகாப்பு அமைச்சு. "எப்படியாவது ஒன்றை எடுப்போம், பிறகு விளையாட்டுக்குப் பாவிக்கலாம்" என்று நினைத்து, பொய்யான காரணம் எழுதி விண்ணப்பிப்பது பெரிய பிழை. 2024இன் கடைசியில் தற்பாதுகாப்புக்காகக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி அமைச்சு கேட்டதை மறக்க வேண்டாம். விளையாட்டுக்கு என்றால் விளையாட்டுக்கு என்றே எழுதுங்கள். கழகத்தின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

விண்ணப்பித்தால் பொலிஸ் விசாரிக்கும். நம் ஊரில் பழைய வழக்கு, தடுப்பில் இருந்த காலம் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரு கதை உண்டு. அதை மறைத்து எழுதுவது விண்ணப்பத்தையும் கெடுக்கும், உங்கள் சொல்லின் மதிப்பையும் கெடுக்கும். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் எழுதுங்கள். தேவைப்பட்டால் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கதையுங்கள்.

அப்பா வைத்திருந்த சொட்கன் அலுமாரியில் இருக்கிறது, அதையே துடைத்துப் பழகலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. காணியும் நகையும் முதிசமாக வரும், துவக்கு அப்படி வராது. அனுமதி அப்பாவின் பெயருக்குக் கொடுத்தது. அவர் இறந்துவிட்டால் அந்தத் துவக்கை உடனே பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும். கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ போர்க்காலத்து ஆயுதம் எதுவும் தட்டுப்பட்டால் அதைத் தொடவே கூடாது, கழுவிப் பார்க்கவும் கூடாது. வேலையை நிறுத்தி, ஆட்களை விலக்கி, பொலிசுக்குச் சொல்லுங்கள். 2009க்குப் பிறகு இத்தனை வருடமாக இந்த மண்ணில் வெடிபொருள் அகற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொன்று வெளிநாட்டுச் சொந்தம். "தம்பி, நான் வரேக்க ஒண்டு கொண்டு வாறன்" என்று ரொறன்ரோவில் இருந்து சித்தப்பா சொல்வார். அங்கே கடையில் சாதாரணமாக வாங்கக்கூடிய எயர் றைபிளாக இருக்கலாம். ஆனால் முன்கூட்டியே அனுமதி எடுக்காமல் பயணப் பொதிக்குள் போட்டுக் கட்டுநாயக்காவில் இறங்கினால் சித்தப்பாவின் விடுமுறையே நாசமாகிவிடும். "எயர் கன்தானே, அதுக்கு ஒண்டும் வேண்டாம்" என்று யார் சொன்னாலும் நம்பி வாங்காதீர்கள். பாதுகாப்பு அமைச்சிடம் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அனுமதி வரும் வழி தெளிந்துவிட்டது, இனித் துவக்கைத் தெரிவு செய்ய வேண்டும். இங்கே அதிகம் நடக்கும் தவறு பலத்தைப் பார்ப்பது. 5.5 மில்லிமீற்றர் பெலட் போடுகிற, வேகம் கூடிய, மேலே ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) பூட்டிய துவக்கு பார்க்க எடுப்பாக இருக்கும். 10 மீற்றர் போட்டியில் அதற்கு இடமில்லை. அங்கே 4.5 மில்லிமீற்றர் மட்டும்தான், ஸ்கோப்பும் கூடாது. றைபிளில் சிறு துளை வழியாகக் குறி பார்க்க வேண்டும். றைபிள் அட்டையில் 10 புள்ளிக்குரிய இடம் அரை மில்லிமீற்றர் பொட்டு. பிஸ்டலுக்கு அது 11.5 மில்லிமீற்றர். அந்தப் பொட்டில் பட வைப்பது உடல் அசையாமல் நிற்பதும் விசையை மெதுவாக இழுப்பதும்தான். வேகம் ஒரு புள்ளிகூடக் கூட்டித் தராது.

றைபிளா, பிஸ்டலா? றைபிளை எடுத்தால் தடித்த மேற்சட்டை, காற்சட்டை, சப்பாத்து, கையுறை என்று செலவு தொடர்ந்து வரும். நம் வெயிலில் அந்த உடுப்போடு 60 வெடி சுட்டு முடிப்பது சாதாரண வேலை இல்லை. பிஸ்டலுக்கு அவ்வளவு சாமான் வேண்டாம், ஆனால் ஒரு கையால் சுட வேண்டும், முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும். கையில் காசு அளவாக இருந்தால் பிஸ்டலில் தொடங்குங்கள் என்பேன். றைபிளின் உச்ச எடை 5.5 கிலோ என்று விதி சொல்கிறது. அதற்காக மெலிந்த ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அந்த எடையைக் கொடுத்தால் முதுகுதான் கெடும். வாங்க முன்னர் எந்தக் கண் வலுவான கண் என்றும் பாருங்கள். வலக்கைக்காரருக்கு இடக்கண் வலுவாக இருப்பது உண்டு. அதைக் கவனிக்காமல் வாங்கிய துவக்கு கடைசிவரை தோளில் சரியாக இருக்காது.

காற்றைப் பற்றி யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. இப்போதைய போட்டித் துவக்குகள் பெரும்பாலும் 200 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கு அழுத்திய காற்றைச் சிலிண்டரில் அடைத்துச் சுடுபவை. ரயர் கடைக் கம்பிரசர் அதற்குக் கிட்டவும் வராது. காற்று இல்லையே என்று வெல்டிங் கடையில் ஒட்சிசனை அடைத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசையோடு அந்த அழுத்தத்தில் ஒட்சிசன் சேர்ந்தால் சிலிண்டர் கையிலேயே வெடிக்கலாம். கடலட்டைக்குச் சுழியோடுகிறவர்கள் பாவிக்கும் காற்றுச் சிலிண்டரில் இருந்து, பொருத்தமான இணைப்பானோடு நிரப்பலாம். காற்று சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருந்தால் போதும். பாவித்த துவக்கு வாங்குகிறவர்கள் சிலிண்டரில் பொறித்த திகதியைக் கட்டாயம் பாருங்கள். பல நிறுவனங்கள் 10 வருடத்துக்கு மேல் அதைப் பாவிக்க வேண்டாம் என்கின்றன. என்னைக் கேட்டால், யாழ்ப்பாணத்தில் இருந்து பழகுபவருக்குச் சிலிண்டரே இல்லாத, நெம்புகோலை ஒரு தரம் இழுத்துக் காற்றை அழுத்தும் பழைய வகைப் போட்டித் துவக்குத்தான் நல்லது. பழைய வால்தர், பைன்வேர்க்பாவ் துவக்குகள் இன்றும் நன்றாகச் சுடுகின்றன.

பெலட் தட்டை முனையுள்ளதாக இருக்கட்டும், அட்டையில் வட்டமாகத் துளை விழும். அது ஈயம் என்பதால் சுட்ட கையோடு சாப்பிட உட்கார வேண்டாம். உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பஞ்சு வைத்த பெட்டியில் மாதக்கணக்காகப் பூட்டி வைத்தால் இன்னும் மோசம். துடைத்து, மெல்லிதாக எண்ணெய் பூசி, பூட்டுள்ள இரும்பு அலுமாரியில் வையுங்கள். பெலட்டை வேறு இடத்தில் வையுங்கள்.

துவக்கை உறையில் போடாமல் வெளியே தெரிய வீதியில் கொண்டுபோவதும், தோளில் வைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுவதும் வேண்டவே வேண்டாம். இந்த ஊரில் துவக்கைக் கண்டால் நெஞ்சு பதறுகிற அம்மாக்கள் இன்னும் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அனுமதி டிசெம்பர் 31ஓடு முடிந்துவிடும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். கடைசிக் கிழமை வரை இருக்காமல் ஒக்டோபரிலேயே அலுவலைத் தொடங்குங்கள். நீண்ட நாள் வெளிநாடு போவதாக இருந்தால் துவக்கைத் தம்பியின் அறையில் விட்டுப் போகாதீர்கள், அவர் பெயரில் அனுமதி இல்லை. எங்கே ஒப்படைக்கலாம் என்று பொலிஸ் நிலையத்தில் கேட்டு, ஒப்படைத்ததற்குப் பற்றுச்சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.