கருத்தடை மாத்திரை, அவசர மாத்திரை: எப்படி வேலை செய்கின்றன, மறந்தால் என்ன செய்வது?

பெரும்பாலான தினசரி மாத்திரைகளுக்கும் அவசர மாத்திரைக்கும் முக்கிய வேலை ஒன்றுதான்: சினைப்பையிலிருந்து முட்டை வெளிவராமல் நிறுத்துவது, அல்லது தள்ளிப்போடுவது.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோனும் சேர்ந்த தினசரி மாத்திரை, கருப்பை வாய்ச் சளியையும் கெட்டியாக்கி விந்தணுவை மறிக்கிறது. மாதவிலக்கு தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பித்தால் உடனே பாதுகாப்பு உண்டு. வேறு நாளில் ஆரம்பித்தால் முதல் 7 நாள் ஆணுறையும் வேண்டும். ரத்தக்கட்டி வந்தவர்கள், உயர் ரத்த அழுத்தமோ கண்முன் ஒளி மின்னும் ஒற்றைத் தலைவலியோ உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.

பெரும்பாலான அட்டைகளில் 21 ஹார்மோன் மாத்திரையும் 7 வெற்று மாத்திரையும் இருக்கும். வெற்று மாத்திரையை மறந்தால் பாதகமில்லை. ஹார்மோன் மாத்திரை ஒன்று மட்டும் தவறினால், நினைவு வந்ததும் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் சரி. இரண்டோ அதற்கு மேலோ தவறினால், கடைசியாகத் தவறியதை மட்டும் போட்டுத் தொடருங்கள், 7 நாள் ஆணுறை அவசியம். மூன்றாம் வாரத்தில் அப்படித் தவறினால் வெற்று மாத்திரைகளை விட்டுவிட்டு நேரே புது அட்டைக்குப் போங்கள்.

பலர் அட்டையின் நடுவில் மறப்பதற்குத்தான் பயப்படுகிறார்கள். அதைவிட ஆபத்து, புது அட்டையைத் தாமதமாகத் தொடங்குவது. ஹார்மோன் இல்லாத 7 நாளில் சினைப்பை மெல்ல வேலையைத் தொடங்கிவிடும். அந்த இடைவெளி நீண்டால் முட்டை முதிர்ந்து வெளிவரலாம். முதல் வாரத்தில் இரண்டு தவறி, முந்தைய 5 நாளில் உறவும் நடந்திருந்தால் அவசர மாத்திரை பற்றி யோசிக்க வேண்டும்.

புரோஜெஸ்டின் மட்டுமுள்ள மாத்திரைக்கு நேரம் இன்னும் கறார்: பழைய வகைகளில் 3 மணி நேரம் தாண்டினாலே தவறியதாகக் கணக்கு, டெசோஜெஸ்ட்ரல் என்ற புதிய வகையில் 12 மணி நேரம். தாண்டினால் 2 நாள் ஆணுறை.

அவசர மாத்திரையில் இரண்டு வகை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராமை, பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். முந்தினால் பலன் கூடும். யுலிப்ரிஸ்டல் 30 மில்லிகிராமுக்கு 120 மணி நேரம் வரை அவகாசம். முட்டை ஏற்கெனவே வெளிவந்திருந்தால் இவற்றை நம்ப முடியாது. தரித்த கருவை இவை கலைக்கவும் செய்யாது. 5 நாளுக்குள் கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி இரண்டையும்விட உறுதியானது.

அவசர மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி போட வேண்டும். முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, அதனால் அடுத்த நாளே பாதுகாப்பின்றி உறவு கொண்டால் ஆபத்து கூடுதல். லெவோநார்ஜெஸ்ட்ரலுக்குப் பின் தினசரி மாத்திரையை உடனே தொடங்கலாம். யுலிப்ரிஸ்டலுக்குப் பின் 5 நாள் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் வேலை கெடும். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.