ர-ற, ல-ள-ழ குழப்பத்துக்கு வீட்டிலேயே அட்டை விளையாட்டு

ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் 'பரவை' என்று எழுதிவிட்டு, பறவை என்றே வாசிப்பார்கள். பேச்சில் ர, ற இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டதால் காது இங்கே உதவாது. வாயால் மட்டும் ஆடும் சொல் விளையாட்டில் சொல்வளம் கூடும், எழுத்துப்பிழை போகாது. எழுதிப் பார்க்கிற ஆட்டமாக இருக்க வேண்டும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினால் நல்ல கெட்டி அட்டை கிடைக்கும். 12 அட்டைகளில் ஆறு இணைகளை எழுதுங்கள்: அரை-அறை, கரி-கறி, எரி-எறி, பொரி-பொறி, மாரி-மாறி, இரை-இறை. எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டு ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "அரை லிட்டர் பால் வாங்கு." பிள்ளை சரியான அட்டையை எடுத்துப் பார்த்து, கவிழ்த்து வைத்துவிட்டு, நோட்டில் எழுத வேண்டும். கவிழ்த்த பிறகு எழுதுவதுதான் முக்கியம்; பார்த்து எழுதினால் மனதில் நிற்காது. 'அரை' என்று தனிச்சொல்லாகச் சொல்லாதீர்கள். பொருள் தெரியாமல் பிள்ளை ஊகித்துத்தான் எடுக்கும்.

ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் கலக்க வேண்டாம். முதலில் புலி-புளி, பிறகு வலி-வழி, கடைசியாக வால்-வாள்-வாழ். ழ சொல்லும்போது நாக்கு மேலே மடிந்து, அண்ணத்தைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் ள ஆகிவிடும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கோடிட்ட இடம்: வள_ச்சி, முய_சி. ற் என்ற எழுத்தை அடுத்து இன்னொரு மெய் வந்து நிற்காது. 'ச்சி' இருந்தால் அங்கே ற் வராது, ர் போடலாம்: வளர்ச்சி. 'முயற்ச்சி' ஏன் பிழை என்பதும் இதிலேயே விளங்கிவிடும். விதியைத் திருப்பிப் போடாதீர்கள். மார்கழி, சார்பு போன்ற சொற்களும் இருக்கின்றன.

கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் சங்கிலி ஆட்டம் தமிழில் சீக்கிரமே முட்டிக்கொள்ளும். ள, ழ, ற, ன, ண எதிலும் சொல் தொடங்காது. மெய்யில் முடிந்தால், மரம் என்பதற்கு ம வரிசையில் எதுவும் சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மயில், வண்டி போல வழி அடைத்தால் கடைசியாக ஒலிக்கும் உயிரை எடுக்கலாம்: இரண்டுக்குமே இ. உயிர்மெய்யைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சியும் இதிலேயே கிடைக்கும். ஐயில் முடியும் சொற்கள் ஏராளம், தொடங்குபவை குறைவு; அங்கே அ-வையும் அனுமதியுங்கள்.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். பிழையான சொல்லின் அட்டையைத் தனியே எடுத்து வைத்து மறுநாள் முதலில் கேளுங்கள். தொடர்ந்து மூன்று நாள் சரியாக எழுதினால் கட்டிலிருந்து நீக்கிவிட்டுப் புது இணை சேருங்கள்.