இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்கா, கிரியேட்டர் கணக்கா? வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஆரி வேலை, கேக், மெஹந்தி, ஆன்லைன் டியூஷன் என்று வீட்டிலிருந்தே தொழில் செய்கிற பலருக்கு இன்று கடை என்றால் இன்ஸ்டாகிராம்தான். ஆனால் கணக்கை ப்ரொஃபஷனலாக மாற்றப் போனால் ஆப் ஒரு கேள்வி கேட்கும்: நீங்கள் கிரியேட்டரா, பிசினஸா? பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். தெரிந்தவர்களிடம் கேட்டால், "கிரியேட்டர் போடுங்க, அதுலதான் சினிமாப் பாட்டு வரும்" என்று பதில் வருகிறது.

அந்தப் பதிலை நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்களுக்குப் பணம் எதற்காக வருகிறது என்பதைப் பார்த்துத்தான் கணக்கு வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்யாண பிளவுஸ்களுக்கு ஆரி வேலை செய்து தருகிற ஒரு பெண்ணை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தொழிலுக்கு ஏற்றபடி மாற்றிப் பொருத்திக்கொள்ளுங்கள்.

மூன்று வகைகள் என்னென்ன?

கணக்கு தொடங்கியதும் எல்லோருக்கும் கிடைப்பது பெர்சனல் கணக்கு. குடும்பப் படங்களுக்கும் நண்பர்களுக்கும் அது போதும். வேண்டுமானால் பூட்டியும் வைக்கலாம்.

ப்ரொஃபஷனல் கணக்கில் இரண்டு வகை. 2016-இல் பிசினஸ் கணக்கு வந்தது. கிரியேட்டர் கணக்கு 2019-இல் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. இரண்டுமே இலவசம். எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று காட்டும் இன்சைட்ஸ் இரண்டிலும் உண்டு. பணம் கட்டிப் பதிவை விளம்பரமாக்கும் பூஸ்ட் வசதி, தொடர்பு பட்டன், பதிவை 75 நாள் வரை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கும் வசதி ஆகியவையும் இரண்டுக்கும் பொது.

அதனால் ஒன்றை எடுத்தால் இன்னொன்றின் வசதியெல்லாம் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். வித்தியாசம் சில இடங்களில்தான் இருக்கிறது. அதில் பெரியது பாட்டு.

படி 1: பணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, கடந்த சில மாதங்களில் இந்தக் கணக்கு மூலம் உங்கள் கைக்கு வந்த பணத்தையெல்லாம் எழுதுங்கள். இனிமேல்தான் தொடங்கப் போகிறீர்கள் என்றால், எதிலிருந்து வரும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதுங்கள்.

பிளவுஸ் தைத்துக் கொடுத்ததற்கு, ஆரி போட்டுக் கொடுத்ததற்கு, வகுப்பு எடுத்ததற்கு என்று வந்திருந்தால் அது வியாபாரம். வாடிக்கையாளர் உங்களிடம் ஒரு பொருளையோ சேவையையோ வாங்குகிறார். பிசினஸ் கணக்கை எடுங்கள்.

மணி, நூல், ஃப்ரேம் விற்கும் கம்பெனிகள் தங்கள் பொருளை உங்கள் வீடியோவில் காட்டச் சொல்லிப் பணம் தருகின்றனவா? அப்போது நீங்கள் விற்பது உங்கள் முகத்தையும் உங்களைப் பின்தொடர்பவர்களின் நம்பிக்கையையும். அதற்குக் கிரியேட்டர் கணக்கு பொருந்தும். ஒரு பொறுப்பும் கூடவே வருகிறது. பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைத்தால், அதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதற்காக 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஆஸ்கியின் விதிகள் 2021-லேயே வந்துவிட்டன. பதிவு போடும்போது 'பெய்டு பார்ட்னர்ஷிப்' என்ற அடையாளத்தை இயக்கிவிட்டால் பெயருக்குக் கீழேயே அது தெரியும்.

இரண்டும் கலந்து வருகிறதா? எது அதிகமோ அந்தப் பக்கம் போங்கள். ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்கள் தங்களைக் கிரியேட்டர் என்று நினைத்துக்கொள்வது வழக்கம். வகுப்புக் கட்டணமும் விற்பனைதான், அதனால் என்னைப் பொறுத்தவரை அவர்களும் பிசினஸ் பக்கமே.

படி 2: பாட்டு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பிசினஸ் கணக்கில் பாட்டுப் பட்டியலைத் திறந்தால், புதிதாக வந்த சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலானவை இருக்காது. உரிமைப் பிரச்சினை இல்லாத இசைத் துண்டுகள்தான் இருக்கும். கிரியேட்டர் கணக்கில் சினிமாப் பாட்டு கிடைக்கும். இதுவரை எல்லோரும் சொல்வது சரி.

அவர்கள் சொல்லாமல் விடுவது இனிமேல்தான். அந்தப் பாட்டுகள் தனிப்பட்ட பயன்பாட்டுக்காகத் தரப்பட்டவை. வியாபாரத்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால் பாட்டின் உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்பது இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவின் இசை விதி. கிரியேட்டர் கணக்காக மாற்றிக்கொண்டு, 'பிரைடல் பிளவுஸ், விலைக்கு மெசேஜ் செய்யவும்' என்று எழுதி, பின்னால் ஹிட் பாட்டு ஓட விட்டாலும் அது வியாபாரம்தான். வீடியோவின் சத்தம் அணைக்கப்படலாம், வீடியோவே நீக்கப்படலாம். கல்யாண சீசனில் ஒரு ரீல் நன்றாக ஓடுகிறது, அதைப் பூஸ்ட் செய்யலாம் என்று போனால், சினிமாப் பாட்டு இருக்கும் பதிவை ஆப் ஏற்றுக்கொள்ளாது. எந்த ரீலுக்குப் பணம் போட்டால் ஆர்டர் வருமோ, அந்த ரீலே கைகட்டி நிற்கும்.

பாட்டு இல்லாமல் யார் பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். ஆரி வேலையில் ஒரு அருமையான சத்தம் இருக்கிறது. ஃப்ரேமில் இழுத்துக் கட்டிய துணி மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக இருக்கும். ஊசி அதில் இறங்கி, அடியிலிருந்து நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு மேலே வரும்போது டப், டப் என்று ஒரே தாளத்தில் கேட்கும். போனைத் துணிக்குப் பக்கத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். அதன் மேல் உங்கள் குரலில், "இது ஜர்தோசி. இந்த மாங்காய் ஒன்றை முடிக்க எவ்வளவு நேரம் ஆகுது பாருங்க" என்று சொன்னால் போதும். உங்கள் குரலுக்கு யாரும் உரிமை கோர முடியாது. வாடிக்கையாளருக்கும் திரைக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கை வரும். அட்வான்ஸ் போட்டுவிட்டு ஏமாந்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிற இந்தக் காலத்தில் அந்த நம்பிக்கை பெரிய விஷயம்.

படி 3: மாற்றும் முன் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள்

ப்ரொஃபஷனல் கணக்கைப் பூட்டி வைக்க முடியாது. மாற்றிய நொடியிலிருந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பழைய பதிவுகளில் குழந்தைகளின் படம், பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், வண்டி நம்பர் தெரிகிற படங்கள் இருந்தால் ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். அழிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு மட்டும் தெரியும்படி உள்ளே இருக்கும். நிலுவையில் இருக்கும் ஃபாலோ ரிக்வெஸ்டுகளையும் பார்த்து, தெரியாதவர்களை நீக்கிவிடுங்கள். நிறைய குடும்பப் படங்கள் இருந்தால், தொழிலுக்குப் புதுக் கணக்கு தொடங்குவதுதான் நல்லது. ஒரே ஆப்பில் இரண்டு கணக்கையும் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், இந்தக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று பாருங்கள். அண்ணன் மகனோ பக்கத்து வீட்டுப் பையனோ தன் மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கித் தந்திருப்பான். ஒன்றும் தப்பாக நினைத்துச் செய்திருக்க மாட்டான். ஆனால் அவன் வேலைக்கு வெளியூர் போன பிறகு உங்கள் போன் தொலைந்தால், கணக்கை மீட்கும் குறியீட்டு எண் அவனுக்குத்தான் போகும். மின்னஞ்சல், போன் எண் இரண்டையும் உங்களுடையதாக மாற்றுங்கள். பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டு எண்ணையும் கேட்கும் டூ ஃபேக்டர் பாதுகாப்பையும் இயக்குங்கள். அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியை நம்பாமல், போனிலேயே அதைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

படி 4: இப்போது மாற்றுங்கள்

ஆப் ஆங்கிலத்தில் இருப்பதாக வைத்துச் சொல்கிறேன். அப்டேட்டுக்கு அப்டேட் பெயர்கள் கொஞ்சம் இடம் மாறும். அதனால் கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'ப்ரொஃபஷனல்' என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள்.

1. உங்கள் ப்ரொஃபைல் பக்கத்தில் மேலே வலது மூலையில் இருக்கும் மூன்று கோடுகளைத் தொடுங்கள்.
2. கீழே இறங்கி 'அக்கவுண்ட் டைப் அண்ட் டூல்ஸ்' என்பதைத் திறந்து, 'ஸ்விட்ச் டு ப்ரொஃபஷனல் அக்கவுண்ட்' என்பதைத் தொடுங்கள்.
3. என்ன தொழில் என்று கேட்கும். மிக நெருக்கமானதைத் தேர்ந்தெடுங்கள். அதை ப்ரொஃபைலில் காட்டுவதா வேண்டாமா என்பதும் உங்கள் விருப்பம். 'டெய்லர்' போலத் தெளிவாக இருந்தால் காட்டுங்கள். பொருந்தாத ஏதோ ஒன்றுதான் கிடைத்தது என்றால் மறைத்துவிடுங்கள்.
4. கிரியேட்டரா, பிசினஸா என்று கேட்கும். தாளில் எழுதிய பதில் இங்கே உதவும்.
5. தொடர்பு விவரம் கேட்கும். இங்கே நிதானமாக இருங்கள், அடுத்த படியில் சொல்கிறேன். இப்போதைக்குத் தவிர்த்துவிட்டுப் போகலாம்.
6. ஃபேஸ்புக் பேஜை இணைக்கச் சொல்லும். இருந்தால் இணையுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள். பின்னால் இணைக்கலாம்.

அவ்வளவுதான். ப்ரொஃபைலில் 'ப்ரொஃபஷனல் டாஷ்போர்டு' என்று புதிதாக ஒன்று தெரிந்தால் வேலை முடிந்தது.

படி 5: முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

முதலில் போன் எண். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் குடும்ப எண்ணைத் தொடர்பு பட்டனில் போட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குத் தேவையில்லாத வீடியோ கால் வரும், ஒவ்வொரு எண்ணாகத் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். தனியாக ஒரு சிம் வாங்கி, அதில் வாட்ஸ்ஆப் பிசினஸ் போட்டு, அந்த எண்ணை மட்டும் வெளியே காட்டுங்கள். அது தயாராகும் வரை மின்னஞ்சல் மட்டும் இருக்கட்டும். முழு வீட்டு முகவரியும் தேவையில்லை. ஊர், பகுதி போதும்.

அடுத்து, சேமித்து வைக்கும் பதில்கள். டூல்ஸ் பகுதியில் 'சேவ்டு ரிப்ளைஸ்' என்று இருக்கும். ஒரே கேள்விக்கு நாளெல்லாம் ஒரே பதிலைத் தட்டச்சு செய்யாமல், ஒரு சின்னச் சொல்லைத் தட்டினால் முழுப் பதிலும் வந்துவிடும். இப்படி ஒன்றை எழுதி வையுங்கள்:

"வணக்கம் சிஸ்டர். கழுத்து, கை இரண்டுக்கும் சேர்த்து ஆரி வேலை 1,500 ரூபாயிலிருந்து தொடங்கும். டிசைனைப் பொறுத்து கூடும். உங்களுக்குப் பிடித்த டிசைன் போட்டோவும், விசேஷத் தேதியும் அனுப்புங்க. அட்வான்ஸ் வந்த பிறகுதான் தேதியை உறுதி செய்வேன்."

விலை உங்கள் விருப்பம். ஆனால் தொடக்க விலை, தேதி, அட்வான்ஸ் மூன்றும் முதல் பதிலிலேயே இருக்க வேண்டும். சும்மா கேட்டுவிட்டுப் போகிறவர்களும் வாங்க வந்தவர்களும் அங்கேயே பிரிந்துவிடுவார்கள்.

இன்சைட்ஸை தினமும் பார்த்து மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வாரம் ஒருமுறை போதும். உங்களைப் பின்தொடர்பவர்கள் எந்த ஊர் என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். நீங்கள் கரூரில் இருந்து, பாதிப் பேர் சென்னையில் இருந்தால், அளவு பிளவுஸைக் கூரியரில் வாங்கி, முடித்துத் திருப்பி அனுப்பும் முறையை பயோவிலேயே (ப்ரொஃபைலில் பெயருக்குக் கீழே வரும் அறிமுக வரிகளில்) எழுதிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ப்ரொஃபஷனல் கணக்கு ஆனதும் 'மெட்டா சப்போர்ட்' என்ற பெயரில் மெசேஜ் வரலாம். காப்பிரைட் மீறிவிட்டீர்கள், 24 மணி நேரத்தில் கணக்கு மூடப்படும், இந்த லிங்க்கைத் தொடுங்கள் என்று பயமுறுத்தும். தொடாதீர்கள். உண்மையிலேயே பிரச்சினை இருந்தால் செட்டிங்ஸில் 'அக்கவுண்ட் ஸ்டேட்டஸ்' பகுதியில் தெரியும்.

மற்ற தளங்களில்?

வாட்ஸ்ஆப் பிசினஸ் 2018-இல் வந்த தனி ஆப். ஒரு எண் சாதாரண வாட்ஸ்ஆப்பிலோ பிசினஸிலோ ஏதாவது ஒன்றில்தான் இருக்க முடியும். கேட்டலாக் என்ற பொருள் பட்டியலில் 500 பொருள் வரை போடலாம். ஆர்டர்களை 'அட்வான்ஸ் வந்தது', 'முடிந்தது' என்று லேபிள் ஒட்டிப் பிரித்து வைக்கலாம்.

ஃபேஸ்புக்கில் சொந்த ப்ரொஃபைலுக்கு 5,000 நண்பர்கள்தான் எல்லை. தொழிலுக்குப் பேஜ் தொடங்குங்கள். உதவிக்கு ஆள் வைத்தால் பாஸ்வேர்டைத் தராமலே அவருக்கு அனுமதி தரலாம். ப்ரொஃபைலையே மாற்றும் 'ப்ரொஃபஷனல் மோட்' கிரியேட்டர்களுக்குப் பொருந்தும், கடைக்குப் பொருந்தாது.

லிங்க்ட்இனில் தனியாள் தொழிலுக்கு உங்கள் சொந்த ப்ரொஃபைலே போதும். யூடியூபில் சேனலை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் சேனலை நிர்வகிக்கும் 'யூடியூப் ஸ்டுடியோ'வின் 'பர்மிஷன்ஸ்' வழியாக அவரைச் சேர்த்துவிடுங்கள், ஜிமெயில் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பிறகு மனம் மாறினால்?

பிசினஸிலிருந்து கிரியேட்டருக்கோ, கிரியேட்டரிலிருந்து பிசினஸுக்கோ செட்டிங்ஸிலேயே மாறிக்கொள்ளலாம். பதிவுகளும் பின்தொடர்பவர்களும் அப்படியே இருப்பார்கள். பெர்சனலுக்குத் திரும்பினால் மட்டும் யோசித்துச் செய்யுங்கள், அதுவரை சேர்ந்த இன்சைட்ஸ் விவரங்கள் போய்விடும். அப்படித் திரும்பத்தான் வேண்டும் என்றால், ஊர், வயது, நன்றாக ஓடிய பதிவுகள் இருக்கும் பக்கங்களை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு மாற்றுங்கள்.