ஊர்ப் போதகருக்கு நினைவு மலர் தயாரிப்பது எப்படி

ஏற்காட்டில் எங்கள் போதகர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு, நினைவு மலர் கொண்டுவரும் பொறுப்பைச் சபையார் என்னிடம் கொடுத்தார்கள். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்குள் முடித்துவிட்டோம். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக, நாங்கள் கற்றதைச் சொல்கிறேன்.

அவரை யார் யார் எப்படி அழைத்தார்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எங்களவர் கோயிலில் ‘ஐயர்’, பள்ளியில் ‘சார்’, மாலையில் வாலிபால் மைதானத்தில் ‘மாஸ்டர்’. மூன்று தரப்பினரும் ஒருவரையொருவர் அதிகம் அறியாதவர்கள். இரண்டு மாதம் சபையாரிடம் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம். ‘அன்பானவர், எளிமையானவர், ஜெபவீரர்’ என்றே எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் அதில் எங்கள் ஐயர் இல்லை.

எனவே ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்காதீர்கள். ‘உங்களை எதற்காகத் திட்டினார்?’, ‘உங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கே உட்காருவார்?’ என்று கேளுங்கள். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா சொன்னார்: “வாசற்படியில்தான் உட்காருவார். உள்ளே வாருங்கள் என்றால் செருப்பில் இருக்கும் சேற்றைக் காட்டுவார். என் மகனின் கணக்கு நோட்டை அங்கேயே வாங்கித் திருத்திக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் ஜெபம் செய்வார்.” இப்படி ஒன்று கிடைத்தால் அடைமொழிகளையெல்லாம் அடித்துவிடலாம். அவருடைய கோபத்தையும் விட்டுவிடாதீர்கள். எங்களில் பலரை நிமிர வைத்தது அதுதான்.

தோட்டத் தொழிலாளர்களைப் பார்க்க, நவம்பர் முதல் ஜனவரி வரையான பழம் பறிக்கும் காலத்தைத் தவிருங்கள். மாலையில் களைத்து வருவார்கள். பேச்சைச் செல்போனில் பதிவு செய்வதற்கு முன் சம்மதம் கேளுங்கள்.

மலை ஈரத்தில் பழைய புகைப்படங்கள் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். பிரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஜன்னலோர நிழலில் சற்றுச் சாய்த்து வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் அப்படியே படமெடுங்கள். ஆல்பத்தில் இருக்கும் படங்களென்றால் பின்பக்க எழுத்தையும் எடுங்கள்.

பொருள்களையும் தேடுங்கள். ஐயர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் வலையின் உயரத்தை அளக்கும் மூங்கில் கழி இருந்தது. அதில் கத்தியால் போட்ட இரண்டு வெட்டுகள்: ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். கீழ் வெட்டில் மட்டும் நீலப் பெயின்ட் அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. ஒவ்வொரு ஜூனிலும், அணிக்குப் புதிதாக வரும் பெண் பிள்ளையிடம் தூரிகையைக் கொடுத்து, “இது உன் உயரம், நீயே பூசு” என்பார். நானும் பூசியிருக்கிறேன். மலரின் அட்டையில் அவர் முகத்தைப் போடாமல் அந்த நீல வெட்டைத்தான் போட்டோம். குடும்பத்தாரும் மனமார ஒப்புக்கொண்டார்கள்.

தேதிகளை நினைவிலிருந்து எழுதவே எழுதாதீர்கள். என் தாத்தாவின் கல்லறையில் பிறந்த ஆண்டு தவறாக வெட்டப்பட்டிருக்கிறது; சீட்டில் அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றைச் சபைப் பதிவேட்டிலும், பணியில் சேர்ந்த நாளைப் பள்ளி ஆவணத்திலும் சரிபாருங்கள்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகமென்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். எங்களுடையது 36 பக்கம். சேலத்து அச்சகத்திலிருந்து மெய்ப்பை, அதாவது பிழை பார்க்கத் தரும் அச்சுப் படியை, வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வந்து, பெயர் இடம்பெற்ற ஒவ்வொருவரிடமும் அவரவர் பகுதியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பதினொரு பெயர்களில் எழுத்துப் பிழை இருந்தது. அந்த அலைச்சலை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

நினைவு நாளில் பேசுகிறவர்களுக்கு மூன்று நிமிடம் போதும். நாங்கள் ஆராதனைக்கு முன் பெண் பிள்ளைகளின் ஆட்டம் ஒன்று வைத்தோம். வலை கட்டியதும் கழியை எடுத்து வந்தோம். அந்த ஆண்டு அணியில் சேர்ந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை கீழ் வெட்டுக்கு நீலம் பூசினாள். அது காயும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.