வெடிப்பில் சிக்கியவர் "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொன்னால்

குண்டுவெடிப்பு என்றால் கை கால் இழந்தவர்கள்தான் நம் கண்ணில் நிற்கிறார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் நடந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். சேலத்தில் நமக்குக் கல்குவாரி வெடியும் பட்டாசு குடோன் விபத்துச் செய்தியும் பழகிப்போனவை. அதனாலேயோ என்னவோ, "ரத்தம் வரல, காதுலதான் ஙொய்ங்குது" என்று சொல்லிவிட்டு நேரே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். பெரிய தவறு இதுதான்.

வெடிப்பின் அழுத்த அலை, உடம்பில் காற்று நிறைந்த இடங்களைத்தான் முதலில் தாக்கும்: காது, நுரையீரல், குடல். தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் நுரையீரலுக்குள் ரத்தம் கசியலாம். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துத் தெரியவரும். குடல் ஓட்டையோ ஓரிரு நாள் கழித்து வயிற்றுவலியாக வரலாம். காதுச் சவ்வு கிழியவில்லை என்பதால் நுரையீரலும் தப்பித்தது என்று அர்த்தமில்லை. மார்பு எக்ஸ்ரே, ஆக்சிஜன் அளவு, சில மணி நேரக் கண்காணிப்பு மூன்றும் வேண்டும். ஏற்காட்டுக்காரர் என்றால் அன்றிரவு சேலத்திலேயே தங்கிவிடுங்கள். நடுராத்திரியில் மூச்சு வாங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வரவேண்டியிருக்கும்.

சம்பவ இடத்தில் நடக்கும் தவறுகளும் உண்டு. குத்தி நிற்கும் இரும்புத்துண்டைப் பிடுங்காதீர்கள். தீக்காயத்தில் காபித்தூளோ பற்பசையோ வேண்டாம், சுத்தமான குழாய்த் தண்ணீர் இருபது நிமிடம் ஓடினால் போதும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சோடா, டீ கொடுக்கக் கூடாது. ரத்தம் நிற்கக் கட்டுப் போட்டால் எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை அதன் மேலேயே எழுதுங்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடக் கூடாது, இரண்டாவது குண்டு இருக்கலாம்.

"போலீஸ் வந்தால்தான் வைத்தியம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் உயிர், அப்புறம்தான் சட்ட நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே தீர்ப்பளித்துவிட்டது.

அடுத்தது காகிதம். போலீஸ் தொந்தரவு வேண்டாமென்று "வண்டியில விழுந்துட்டேன்" என்று சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்துக் காது கேட்காமல் போனால், வெடிப்பில்தான் போனது என்பதற்கு ஆதாரம் ஏது? விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். எழுதும்போது, ஆதாரில் உள்ளபடி பெயர், இனிஷியல், வெடித்த நேரம், எவ்வளவு தூரத்தில் நின்றார், அறைக்குள்ளா வெளியிலா, இரண்டு காதின் நிலை எல்லாம் இடம்பெற வேண்டும். மூடிய அறைக்குள் அழுத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதால் காயம் கடுமையாக இருக்கும். அதனால் அந்த ஒரு வார்த்தைக்கே மதிப்புண்டு. ஒரு காது நிரந்தரமாகக் கேட்காமல் போனாலும் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 116ஆம் பிரிவின்படி அது கொடுங்காயம். காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் சீக்கிரமே எடுத்து, சில மாதம் கழித்து இன்னொன்றும் எடுத்து வையுங்கள்.

மருத்துவமனைகளும் தவறுகின்றன. சட்டையைக் கத்தரிக்கும்போது வெடிச்சிதறல் துளைத்த ஓட்டைகளின் வழியே வெட்டக் கூடாது. துணியைக் காகித உறையில்தான் போட வேண்டும், பிளாஸ்டிக்கில் ஈரம் கோத்துத் தடயம் கெடும். உடம்பிலிருந்து எடுத்த வெடிச்சிதறல் துண்டைக் குப்பையில் போடாமல் சீல் வைத்துப் போலீசிடம் கொடுத்து, வாங்கியவரிடம் கையெழுத்தும் பெற வேண்டும். உலோகத்துண்டு இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்காமல் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவது ஆபத்து. அழுக்கான காயத்தை அன்றே தைத்து மூடுவதும் தவறு. கூட்டத்தில் வெடித்தால் அடுத்தவரின் எலும்புத்துண்டே நம் உடம்பில் பாய்ந்திருக்கலாம். கேட்கக் கோரமாக இருந்தாலும், டெட்டனஸ் ஊசியோடு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் கேட்க வேண்டியது இதனால்தான்.

பயங்கரவாதச் சம்பவத்தில் உயிரிழப்புக்கும் 50 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனத்துக்கும் மத்திய அரசுத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் உண்டு, ஆட்சியர் அலுவலகம் வழியாக. ஒரு காது மட்டும் போனவர் அந்த அளவை எட்டமாட்டார். அவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீடு கேட்கலாம். அங்கே ஏ.ஆர். நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, இரண்டு ஆடியோகிராம் எல்லாம் கைகொடுக்கும். எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.