கார்கிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது? முதல் முறையியல் வகுப்புக்கு ஒரு செய்முறை

கருதுகோள், சாரா மாறி, சார்ந்த மாறி என்று சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். பன்னாட்டு உறவுகளிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து, அதிலேயே முறையியலையும் நடத்திவிடுவது என் வழக்கம். ஒரு மணி நேரம் போதும்.

முதல் படி: பலகையில் ஒரே வரி எழுதுங்கள். ‘இரு நாடுகளிடமும் அணுகுண்டு இருந்தால் போர் வராதா?’ கை தூக்கச் சொன்னால் ‘வராது’ பக்கம்தான் கூட்டம் சேரும். ஆதாரம் கேட்டால் 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி வந்து விழும்: அமெரிக்கா, சோவியத் இரண்டிடமும் குண்டு இருந்தது, போர் வரவில்லை. மறுக்காதீர்கள்.

இரண்டாவது படி: நான்கு கட்டம் போடுங்கள். மேலே ‘போர் வந்தது’, ‘வரவில்லை’. பக்கவாட்டில் ‘இருவரிடமும் குண்டு உண்டு’, ‘இல்லை’. கியூபாவை அதன் இடத்தில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். புது ஆசிரியருக்கு இதுதான் கஷ்டம், வாய் துறுதுறுக்கும். யாராவது ஒருவர், “சார், மத்த மூணும் காலியா இருக்கே” என்பார். அப்புறம் நிரப்பலாம். ஈரான்–இராக் (1980–88): குண்டு இல்லை, போர் உண்டு. அர்ஜென்டினா–பிரேசில்: குண்டும் இல்லை, 20ஆம் நூற்றாண்டு முழுக்கப் போரும் இல்லை. தோதான உதாரணத்தை மட்டும் பொறுக்கியது அவர்களுக்கே புரிந்த பிறகு ‘தெரிவுச் சார்பு’ என்ற பெயரைச் சொல்லுங்கள்.

மூன்றாவது படிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு சோதித்தன. அடுத்த ஆண்டே கார்கில். எந்தக் கட்டம்? “போர்தான் சார், இதுல என்ன சந்தேகம்” என்பார்கள். சரி, போர் என்றால் என்ன? 1963இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘கோரிலேட்ஸ் ஆஃப் வார்’ திட்டம், களத்தில் 1000 பேராவது இறந்தால்தான் போர் என்கிறது. இந்தியாவின் அதிகாரப்பூர்வக் கணக்கு 527. பாகிஸ்தான் ராணுவம் 2010இல் தன் இணையதளத்தில் போட்ட பெயர்கள் 453. கூட்டச் சொல்லுங்கள்: 980. இருபது குறைகிறது! ஆனால் அப்போது பாகிஸ்தான் பிரதமராக இருந்த நவாஸ் ஷெரீப், தங்கள் தரப்பு இறப்பு என்று பின்னாளில் சொன்னது ஆயிரக்கணக்கில். அந்தத் திட்டத்தின் பட்டியலிலும் கார்கில் போராகவே இருக்கிறது. அளவீடு என்ற பாடம் முழுக்க இந்தக் கூட்டலில் அடங்கிவிடும்.

ஒன்று, இதைச் சிரித்துக்கொண்டே கூட்டாதீர்கள். கார்கில் போரில் படாலிக் பகுதியில் உயிர்நீத்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ராணுவக் குடும்பத்துப் பிள்ளை வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

வீட்டுப்பாடமாக 1969 உசூரி ஆற்று மோதலைக் கொடுங்கள். சோவியத், சீனா இரண்டிடமும் அப்போது குண்டு இருந்தது. எந்தக் கட்டம் என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். எந்த விதியை வைத்து அங்கே எழுதினார்கள் என்பதற்குப் போடுங்கள்.