தங்கச்சி பிள்ளைக்குப் பாதுகாவலராக எந்தக் கோட்டுக்குப் போவது?

தங்கச்சி தவறிப்போனதுக்குப் பிறகு அவள் மகன் எங்கள் தோட்ட லயத்தில்தான் வளர்கிறான். அவளுடைய சேமலாப நிதிப் பணத்துக்கு அலைந்தபோதுதான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. பிள்ளைக்குப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்டு, முதல் நாள் தேயிலைக் கொழுந்து நாளையும் விட்டுவிட்டு, போலீஸ் வழக்கு நடக்கிற நீதவான் நீதிமன்ற வரிசையில் நின்றேன். மத்தியானம்தான் ஒரு பெரியவர், "அம்மா, இது இங்கே இல்லை" என்றார். அரைநாள் சம்பளமும் போச்சு, பஸ் காசும் போச்சு.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளையின் ஆளுக்கும் சொத்துக்கும் பாதுகாவலரை நியமிப்பது மாவட்ட நீதிமன்றம். இலங்கையின் 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் அந்த அதிகாரத்தை அதற்கே கொடுத்திருக்கிறது. பிள்ளை குடியிருக்கும் இடத்தை வைத்துத்தான் எந்த ஊர்க் கோடு என்று பார்ப்பார்கள். எங்களுக்கு ஹட்டன். உங்களுக்கு நுவரெலியாவோ பதுளையோ இருக்கலாம்.

தகப்பன் செலவுக்குப் பணம் தராவிட்டால், அது வேறு கதை. தாபரிப்பு வழக்கு, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி, நீதவான் நீதிமன்றத்துக்கே போகும். தத்தெடுப்பதானால் திரும்பவும் மாவட்ட நீதிமன்றம். யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் மறைத்து வைத்தால், பிள்ளையைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு என்று மேல் கோட்டுக்குப் போகவேண்டும். அதற்குச் சட்டத்தரணி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தாயின் மரணச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் வதிவிடக் கடிதம், பள்ளிக்கூட அதிபரின் கடிதம் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் போடுங்கள். மலை மழை கடிதத்தைக் கஞ்சியாக்கிவிடும். பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் முதலிலேயே சட்டத்தரணியிடம் காட்டுங்கள். காசில்லையா, சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள். நான் அங்கேதான் போனேன்.